ரிவெர்ப் பெடல் வாங்கப் போகிறீர்களா? டெல்டா கிட்டார்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகை என்று நம்ம பக்கத்தில் மெல்லிசைக் குழுவிலோ சர்ச் பாடகர் குழுவிலோ எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்கள், ஓவர்டிரைவ், டிலே என்று காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் பெட்டிகளை (பெடல்) எல்லாம் வாங்கி முடித்த பிறகு வந்து நிற்கிற இடம் ரிவெர்ப், அதாவது கூடத்தில் வாசித்தது போன்ற முழக்கத்தைச் சேர்க்கும் பெடல். வீடியோவில் கேட்டால் எல்லாப் பெடலும் அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீடியோக்களைச் சத்தம் திரும்பாத மாதிரி சுவரெல்லாம் ஃபோம் ஒட்டிய அறையில் எடுக்கிறார்கள். நாம் வாசிப்பது டைல்ஸ் போட்ட கல்யாண மண்டபத்திலும் அறுவடை முடிந்த திடலிலும். அதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

ரிவெர்ப்பும் எக்கோவும் ஒன்றுதானே?

மைக்செட்காரருக்கு ஒன்றுதான், அவர் எதைத் திருகினாலும் எக்கோ. பெடலில் அப்படியில்லை. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் ஓடுகிறது. 17 மீட்டர் தள்ளி ஒற்றைச் சுவர் இருந்து நீங்கள் கை தட்டினால், சத்தம் போய்த் திரும்ப நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும், இன்னொருவர் தட்டியது போலத் தனியாகக் கேட்கும். அது எக்கோ, பெடல்களில் அதைச் செய்வது டிலே. நாலு சுவர், கூரை, தரை என்று எல்லாப் பக்கமும் பட்டுத் திரும்பி வருகிற சத்தங்கள் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாமல் சேர்ந்து நீண்டு தேய்ந்தால் ரிவெர்ப். கடையில் சரியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள், இல்லையென்றால் டிலே பெடலைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

ஆம்ப்ளிஃபயரிலேயே (ஆம்ப்) ரிவெர்ப் இருக்கிறது. தனியாகப் பெடல் எதற்கு?

அது போதுமென்று காது சொன்னால் வாங்காதீர்கள், காசு மிச்சம். ஆம்ப் செய்கிற ஃபெண்டர் நிறுவனம் 1961ல் ஸ்பிரிங் ரிவெர்ப்பைத் தனிப் பெட்டியாகத்தான் விற்றது. 1963ல் ஆம்புக்குள்ளேயே வைத்துக் கொடுக்க ஆரம்பித்தது. அந்த வகை ஆம்பில் அடியில் ஒரு தகரத் தொட்டிக்குள் நிஜமான ஸ்பிரிங் தொங்கும், கிட்டார் சத்தம் அதில் ஓடித் திரும்பும். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் நம்ம ஊர் மேடையில் பேஸ் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஆம்பை வைத்தால், அந்த அதிர்விலேயே ஸ்பிரிங் ஆடிக் கரகரவென்று சத்தம் போடும். மேடைப் பலகையில் டான்ஸ் ஆடுகிற பிள்ளைகள் குதித்தால் இடி இடிக்கும். சின்ன ஆம்புகளில் இருப்பது டிஜிட்டல் ரிவெர்ப், அதற்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பெரும்பாலும் ஒரே ஒரு நாப் (திருகு), வால், அதாவது ஸ்வரம் நின்ற பிறகும் தேய்ந்துகொண்டே வருகிற சத்தம், எவ்வளவு நீளம் என்பது உங்கள் கையில் இல்லை.

பெடல் வாங்க நியாயமான காரணங்கள் இரண்டுதான். பாட்டு நடுவில் காலால் போடவும் எடுக்கவும் வேண்டும், அல்லது வாலின் நீளத்தையும் பிரகாசத்தையும் இடத்துக்கு இடம் மாற்ற வேண்டும். இரண்டாவது காரணம்தான் நமக்கு முக்கியமானது.

கல்யாண மண்டபத்தில் வாசித்தால் எல்லாம் குழம்பிப் போகிறது. வேறு பெடல் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. மண்டபமே ஒரு ரிவெர்ப் பெடல், அதற்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது.

1890களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடம் பேச்சே புரியாத அளவுக்கு எதிரொலித்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபின் என்ற இளம் ஆசிரியரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் ஒரு ஆர்கன் குழாயும் நேரம் அளக்கும் கருவியும் வைத்துக்கொண்டு, பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, எத்தனை மெத்தை வைத்தால் சத்தம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று இரவில் உட்கார்ந்து அளந்தார். அதிலிருந்து வந்த கணக்கு சுலபமானது: கூடத்தின் கொள்ளளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161ஆல் பெருக்கி, அந்தக் கூடத்தில் சத்தத்தை உறிஞ்சுகிற மொத்தப் பரப்பால் வகுத்தால், சத்தம் 60 டெசிபல் இறங்க, அதாவது கிட்டத்தட்ட அடங்கிப்போக, எத்தனை நொடி ஆகும் என்று வரும்.

நம்ம மண்டபம் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் என்றால் 2700 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து 1440 சதுர மீட்டர். டைல்ஸ், பெயிண்ட் அடித்த சுவர், கான்கிரீட், இவை எதுவுமே உறிஞ்சாது, சராசரியாக நூற்றுக்கு 6 பங்கு என்று தாராளமாக வைத்தாலும் 86 சதுர மீட்டர்தான். காலி மண்டபத்தில் 5 நொடி வரும். நீங்கள் சாயங்காலம் சவுண்ட் செக் பண்ணுவது இந்த மண்டபத்தில்தான். அப்புறம் 400 பேர் வந்து உட்காருகிறார்கள். ஒரு ஆள் அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக உறிஞ்சுகிறார் என்று வைத்தால், 5 நொடி 1.6 நொடிக்கு இறங்கிவிடும். பட்டுப் புடவைக்கும் வேட்டிக்கும் இந்த விஷயத்தில் நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இத்தோடு முடியவில்லை. முதல் பந்தி போட்டதும் பாதிக் கூட்டம் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விடும், மண்டபம் மறுபடி முழங்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் பாடகர் மெலடி ஒன்றை ஆரம்பித்து, நீங்களும் ஹால் ரிவெர்ப்பைத் திறந்துவிட்டால் பின்வரிசையில் எந்தக் கார்டு (சேர்த்து வாசிக்கிற ஸ்வரக்கூட்டம்) என்றே தெரியாது.

ஆகவே மண்டபத்துக்குப் பெடல் பார்ப்பதென்றால், வாலை ஒரு நொடிக்குக் கீழே சுருக்க முடிகிறதா, டோன் நாப் இருக்கிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். ரூம் அல்லது ஸ்பிரிங் வகை (வகைகளைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) வைத்து, நீளத்தைக் குறைத்து, டோனை இருட்டாக்கி (மேல் ஒலியைக் குறைத்து), ரிவெர்ப் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்கான மிக்ஸ் நாப்பைக் கடிகார முள் கணக்கில் ஒன்பது மணிக்குமேல் போகாமல் வைத்தால் போதும். பல நாள் ஆஃப் செய்வதே நல்லது.

அப்படியென்றால் ரிவெர்ப் பெடல் நமக்கு எங்கேதான் உதவும்?

திடலில். ஊர்த் திருவிழாவுக்கு அறுத்த வயலிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ பந்தல் போட்டு மேடை கட்டினால் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. வானத்துக்குப் போன சத்தம் திரும்பி வராது. வீட்டில் உயிரோடு இருந்த கிட்டார் அங்கே கட்டை மாதிரி கேட்கும், ஒவ்வொரு ஸ்வரமும் கம்பியை விட்டதும் செத்துவிடும். பெடல் தன் விலைக்கு வேலை செய்யும் இடம் இது. பிளேட் அல்லது ஹால், இரண்டு நொடிக்குப் பக்கத்தில் வால், மிக்ஸ் பன்னிரண்டு மணி வரை தாராளமாகப் போகலாம்.

கூம்பு ஸ்பீக்கரைப் பனைமரத்தில் கட்டித் தெருத்தெருவாக விட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். தூரத்துக் கூம்புச் சத்தம் தாமதமாக வந்து சேர்வதே ஒரு டிலேதான்.

மண்டபத்துக்கும் திடலுக்கும் நடுவே இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான், ஒரே நாப் வைத்த அழகான பெடலைவிட நீளம், டோன், மிக்ஸ் என்று மூன்று தனி நாப் உள்ள சுமாரான பெடலை நான் பரிந்துரைக்கிறேன்.

ஸ்பிரிங், பிளேட், ஹால், ஷிம்மர் எல்லாம் வேண்டுமா?

ஸ்பிரிங் மேலே சொன்னேன். பிளேட் என்பது ஸ்டுடியோக்காரர்களின் சமாச்சாரம். ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் 1957ல் கொண்டுவந்த 140 என்ற கருவியில் ஒரு பெரிய மெல்லிய இரும்புத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு அதிரவைத்துச் சத்தத்தை எடுத்தார்கள். அதைத் தூக்க நாலு ஆள் வேண்டும். அதன் குணம் என்னவென்றால் சுவர் தூரம் தெரியாது, ஆரம்பத்திலேயே அடர்த்தியாக இருக்கும், ஸ்வரத்தை மூடாமல் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும். லீடு வாசிக்க எனக்கு இதுதான் பிடிக்கும். ரூம், ஹால், சர்ச் என்பவை பெயரே சொல்வது போல இடத்தின் அளவு. ஷிம்மர் வாலை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிச் சேர்க்கும். முதல் வாரம் வேறெதையும் வாசிக்கத் தோன்றாது, இரண்டாவது மாதம் அந்தப் பக்கமே திருப்ப மாட்டீர்கள்.

டிஸ்டார்ஷன் போட்டால் ரிவெர்ப் கூழாகிவிடுகிறது. பெடல் பழுதா?

பெடல் நன்றாகத்தான் இருக்கும், வரிசை தப்பாக இருக்கும். டிஸ்டார்ஷனின் வேலையே சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவது. ரிவெர்ப் அதற்கு முன்னால் இருந்தால், மெல்லத் தேய வேண்டிய வாலும் நீங்கள் வாசிக்கிற ஸ்வரம் அளவுக்கு எழுந்து நிற்கும். கிட்டாரிலிருந்து ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், பிறகு கோரஸ் (சத்தத்தை அலையடிக்க வைக்கும் பெடல்) மாதிரியானவை, பிறகு டிலே, கடைசியில் ரிவெர்ப், இந்த வரிசை பெரும்பாலும் ஏமாற்றாது.

ஆம்பின் சொந்த டிஸ்டார்ஷன் சேனலைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது போதாது, ஏனென்றால் பெடல் வரிசை முழுவதுமே ஆம்பின் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வந்துவிடுகிறது. ஆம்பின் பின்பக்கம் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஓட்டை இருந்தால் பிழைத்தீர்கள், அதற்குப் பெயர் எஃபெக்ட்ஸ் லூப். சென்டிலிருந்து பெடலின் இன்புட்டுக்கு ஒரு கேபிள், பெடலின் அவுட்புட்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒன்று. நீளமான கேபிள் இரண்டு கூடுதலாக வேண்டும், பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் ஆம்பில் லூப் இல்லையே?

ஆம்பை கிளீன் சேனலில் வையுங்கள், டிஸ்டார்ஷனைப் பெடலில் எடுங்கள், ரிவெர்ப் கடைசி. முடிந்தது.

கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறேன். ரிவெர்ப் வைத்தால் கமகம் தெளிவாக இல்லை.

திருவையாறு பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சரளி வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாயாமாளவகௌளையில் ஸ-ரி, க-ம, ப-த, நி-ஸ என்று நாலு இடத்தில் அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கு நடுவே அரைச் சுரம்தான் இடைவெளி, கிட்டாரில் ஒரு ஃபிரெட். ஸ வாசித்து ரிக்குப் போகும்போது பழைய ஸவின் வால் இன்னும் காற்றில் இருந்தால் இரண்டும் மோதி உறுத்தும். மேற்கத்திய கார்டு வாசிப்பவர் ஒரே கார்டில் நாலு எண்ணிக்கை நிற்கிறார், வால் அவருக்குத் துணை. உங்களுக்கு ஒவ்வொரு அசைவும் புது ஸ்வரம். கமகத்தில் கம்பியை இழுத்து ஆட்டும்போது போன வழியெல்லாம் ரிவெர்ப்பில் தங்கிவிடுகிறது.

இதற்கு மருந்து பிரீ-டிலே. ஸ்வரம் வாசித்ததற்கும் ரிவெர்ப் ஆரம்பிப்பதற்கும் நடுவில் விடுகிற சின்ன இடைவெளி அது. 30, 40 மில்லி நொடி கொடுத்தால் கம்பியை மீட்டும் அந்தத் தொடக்கம் தெளிவாக வெளியே வந்துவிடும், ரிவெர்ப் பின்னால் நிற்கும். பிளேட் வகை, ஒரு நொடிக்குள் வால், மேல் ஒலியைக் குறைத்த டோன். பிரீ-டிலே நாப் இல்லாத பெடலில் மிக்ஸைக் குறைப்பதைத் தவிர வழியில்லை, ஆகவே வாங்கும்போதே இதைப் பார்த்து வாங்குங்கள். ஆலாபனைக்கு வாலைக் கொஞ்சம் நீட்டலாம். கிருதி எடுத்து மிருதங்கம் சேர்ந்ததும் குறைத்துவிடுங்கள்.

சர்ச்சில் வாசிப்பவருக்கு?

கட்டடத்துக்கு உள்ளே என்றால் மண்டபத்துக்குச் சொன்னதேதான், இன்னும் ஒரு படி கூட. கூரை உயரம் அதிகம், சத்தம் அடங்க நேரமெடுக்கும். கீபோர்டுக்காரர் பேட் (நீண்டு நிற்கிற மென்மையான பின்னணிச் சத்தம்) பிடித்துக்கொண்டு ஏற்கெனவே இடத்தை நிரப்பியிருப்பார், அதன்மேல் நீங்கள் ஷிம்மரைக் கொட்டினால் பாட்டின் வரி யாருக்கும் கேட்காது. வேளாங்கண்ணித் திருவிழா மாதிரி, ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வெளியே மேடை போடுகிற நாட்களில் கணக்கு தலைகீழ். அப்போது ஷிம்மர்கூட அழகாக இருக்கும்.

ஆம்ப் இல்லை, நேரே மிக்ஸருக்குத்தான் போகிறேன்.

நம்ம பக்கத்து ஆர்கெஸ்ட்ராக்களில் பாதிப்பேர் நிலைமை இதுதான். இதில் ரிவெர்ப் பெடல் அடுத்த பிரச்சினை, முதல் பிரச்சினை ஸ்பீக்கர் கேபினட்டின் குணம் இல்லாமல் டிஸ்டார்ஷன் கொசு மாதிரி ஒலிப்பது. அந்தக் குணத்தைப் போலச் செய்கிற கேபினட் சிமுலேஷன் உள்ள மல்டி எஃபெக்ட்ஸ் பிராசசர் (பல பெடல்களின் வேலையைச் செய்யும் ஒரே பெட்டி) ஒன்று வாங்கினால் அதற்குள்ளேயே நல்ல ரிவெர்ப்பும் இருக்கும், தனிப் பெடல் தேவைப்படாது. பிராசசர் ஏற்கெனவே கையில் இருப்பவரும் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சவுண்ட்காரரிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, கிட்டார் சேனல்ல எக்கோ ஏத்தாதீங்க, நான் இங்கேயே போட்டுக்கிறேன்." பாடகருக்குப் போட்ட எக்கோவை எல்லாச் சேனலுக்கும் தள்ளிவிடுவது அவர்கள் பழக்கம். சொன்னால் கேட்பார்கள், டீ ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னால் நிச்சயம் கேட்பார்கள்.

சரி, மாடல் சொல்லுங்கள்.

நடுத்தர விலையில் இரண்டு. பாஸ் ஆர்வி-6ல் எட்டு வகை, நீளம், டோன், அளவு (மிக்ஸ்) மூன்றுக்கும் தனி நாப், மிதித்து உடைக்க முடியாத உலோகப் பெட்டி. டிசி எலக்ட்ரானிக் ஹால் ஆஃப் ஃபேம் 2ல் இவற்றோடு பிரீ-டிலேக்குக் குறைவு, அதிகம் என்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு, கமகம் வாசிப்பவர் இதைப் பாருங்கள். இரண்டில் எதை எடுத்தாலும் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை.

எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் ஹோலி கிரெயில் நானோவின் ஸ்பிரிங் சத்தம் எனக்குப் பிடிக்கும், ஆனால் ஒரே நாப், வாலின் நீளத்தைத் தொட முடியாது, மண்டபத்துக்கும் திடலுக்கும் அலைகிறவருக்கு ஒத்துவராது. பெரிஞ்சர் டிஆர்600 மலிவு, மூன்று நாப்பும் ஆறு வகையும் இருக்கிறது, உடம்பு பிளாஸ்டிக். ஷூ காலால் மிதிக்காமல் வெறுங்காலால் மிதிக்கிறவர் தாராளமாக வாங்கலாம். ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை 2013ல் வந்தது, பன்னிரண்டு வகை ரிவெர்ப், ஒலி அபாரம். அந்தக் காசுக்கு நல்ல ஆம்பே வாங்கிவிடலாம் என்பதால், சாதாரண ஆம்ப் வைத்துக்கொண்டு அதை வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடாப்டர் எது? கீபோர்டு அடாப்டரைப் போடலாமா?

போடாதீர்கள். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, பின்னின் உள்பக்கம் நெகட்டிவ். யமஹா கீபோர்டுகளோடு வருகிற அடாப்டர் 12 வோல்ட், உள்பக்கம் பாசிட்டிவ், ஓட்டையில் பொருந்தினாலும் பெடலின் உயிரை எடுத்துவிடும். டிஜிட்டல் ரிவெர்ப் மின்சாரம் அதிகம் குடிக்கும். ஆர்வி-6, ஹால் ஆஃப் ஃபேம் 2 இரண்டுக்கும் 100 மில்லி ஆம்பியர் பக்கம் வேண்டும், பிக்ஸ்கைக்கு 300. பேட்டரியை நம்பி மேடை ஏறாதீர்கள்.

ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து எல்லாப் பெடலுக்கும் கொடுத்தால், டிஜிட்டல் பெடலின் கீச்சொலி டிஸ்டார்ஷன் பெடலில் ஏறிக் கேட்கும். ரிவெர்ப்புக்கு மட்டுமாவது தனி அடாப்டர் வையுங்கள்.

மேடையில் 'ம்ம்' என்று இரைகிறது, வீட்டில் இல்லை.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எர்த் சரியில்லாத இடத்தில் அதுவும் அதன் மடங்குகளும் உள்ளே வந்துவிடும். மலிவு இன்வெர்ட்டரின் சதுர அலை இன்னும் மோசம். பெடல் என்ன செய்யும்? ஆனால் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரைச்சல் குறைகிறது என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கவோ, மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றிச் சொருகவோ கூடாது. ஜெனரேட்டர் ஓடுகிற ஈரத் தரையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும், ஆளே போய்விடலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்த்துவிட்டுத்தான் மேடை ஏற வேண்டும்.

ஸ்டீரியோ வேண்டுமா? ட்ரூ பைபாஸ்?

ஒரே ஆம்ப் என்றால் ஸ்டீரியோ வீண். பைபாஸ், அதாவது ஆஃப் செய்த பெடலைச் சத்தம் எப்படிக் கடந்து போகிறது என்பது பற்றி அடிக்கிற சண்டையில் ரிவெர்ப் வாங்குகிறவர் கேட்க வேண்டியது ஒன்றே: ஆஃப் செய்ததும் வால் தானாகத் தேய்கிறதா, கத்தரித்தது போல நிற்கிறதா? பல்லவி முடிந்து ரிவெர்ப்பை எடுக்கும்போது சட்டென்று வெட்டினால் அசிங்கமாகத் தெரியும்.

பழைய பெடல் ஒன்று நாகப்பட்டினத்தில் விலைக்கு வருகிறது. எடுக்கலாமா?

எடுக்கலாம், கடற்கரை ஊர்ப் பொருள் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். உப்புக் காற்றில் முதலில் கெடுவது ஜாக். கேபிளைச் சொருகி மெல்லச் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகும், விலையைக் குறைத்துக் கேட்க அது ஒரு சாக்கு. நாப் ஒவ்வொன்றையும் முழுக்கத் திருப்புங்கள். சுவிட்சைப் பத்துப் பதினைந்து முறை மிதியுங்கள். ஒரு முறை விட்டு ஒரு முறைதான் வேலை செய்கிறது என்றால் சுவிட்ச் மாற்ற வேண்டும், நம்ம ஊர் ரேடியோ மெக்கானிக்கே செய்துவிடுவார். ஆனால் எல்லா நாப்பும் சரியாக இருந்து வால் மட்டும் விட்டுவிட்டு வந்தால் உள்ளே சிப் போயிருக்கலாம், அதைத் தொடாதீர்கள். வாங்கிய பிறகு ஐப்பசி, கார்த்திகை மழையில் பையில் போட்டே வைக்காமல் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். புது செருப்புப் பெட்டியில் வருகிற பொட்டலமே போதும்.